நூற்றிருபத்தேழில் நிற்கிறது

சென்ட்ர் டி ஃப்ளாக், மொரிஷியஸ்
10 நவம்பர் 1997

அம்புஜம் அக்காவுக்கு,

கடிதம் என்றால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும் என்று நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். முதல் சொல்லை எழுத முடியவில்லை. மற்றதை எழுத மனம் வரவில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

நீங்கள் இந்தத் தீவை விட்டுப் போன பிறகு ஒன்பது பொங்கலுக்கு ஒன்பது வாழ்த்து அட்டை அனுப்பினீர்கள். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கிழிக்கவும் இல்லை. கடைசி அட்டையைப் பார்த்துத்தான் இந்தக் கோயம்புத்தூர் முகவரியை எழுதுகிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன்? என் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் புருஷன் ஐயாசாமிக்குக் கோயில் பாட்டுகள் எல்லாம் பாடம், ஆனால் அவற்றைப் பிரெஞ்சு எழுத்தில்தான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மகள் லிண்ட்சே பள்ளியில் ஆறு வருஷம் தமிழ் படித்துவிட்டுத் தன் பெயரைத் தவிர மற்றதை மறந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு நான் குளிக்கப் போகலாம். இங்கே எல்லாரும் பேசும் கிரியோலில் எழுதினால் ஊரே படிக்கும்.

செப்டம்பர் 22 அன்று ரியூனியன் தீவில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையில் கல் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். கல் இல்லை. இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, தோலுக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒன்றில் முடிகிறது. அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும். எடுத்தால் தளரும்.

அக்கா, ஆபரேஷனுக்கு முன் என் எடை நூற்று முப்பத்தொரு கிலோ. சர்க்கரை வந்துவிட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருத்தியாக உட்காருகிறேன். இப்படியே போனால் ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நாற்பத்து நான்கு. ரியூனியனில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கும் ரேமோன், அம்மா வழியில் எனக்குத் தம்பி முறை, அவன்தான் ஏற்பாடு செய்தான். இது அவனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பப்பாளி, சீன டீ, மாத்திரை, உடற்பயிற்சி வகுப்பு எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோ போய் ஐந்து கிலோ திரும்பி வந்தது. நாம் வேலை பார்த்த ஸ்வெட்டர் தொழிற்சாலையில் பட்டன் தைத்த தெய்வானை இப்போது என் பக்கத்து வீடு. சந்தையில் எல்லார் முன்னாலும், “இந்த மாதம் எந்த மருந்து, கிரோ காமாட்சி?” என்பாள். கிரோ என்றால் குண்டு என்று உங்களுக்கு மறந்திருக்காது. வயிற்றை அறுத்தும் மெலியவில்லை என்று சிரிக்க அவர்களுக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

நான் இப்போது பெல் மார் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் துணி அறைக்குப் பொறுப்பாளி. வீட்டுத் தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும். துணி அறையில் அழுக்கு விரிப்பு மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. திங்கட்கிழமை காலை மற்றப் பெண்கள் வருவதற்கு முன் அதில் ஏறுவேன். சூப் மட்டும் குடித்த முதல் மூன்று வாரத்தில் நான்கு கிலோ போனது. பிறகு நான்கு திங்கட்கிழமைகள் ஆகிவிட்டன. நூற்றிருபத்தேழில் நிற்கிறது. இன்றும் அதேதான். என்னோடு ஆபரேஷன் ஆன ஒரு ரியூனியன்காரிக்குப் பதினோரு கிலோ போய்விட்டதாம். வளையத்தை இன்னும் இறுக்கவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்கிறார் டாக்டர்.

சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். யாரிடமாவது சொல்லாவிட்டால் முடியாது போலிருந்தது.

காமாட்சி


கோயம்புத்தூர்
24 நவம்பர் 1997

என் காமாட்சி,

உறையின்மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ‘ழ’வுக்கு இன்னமும் அந்த நீண்ட வாலைப் போடுகிறாய். எத்தனை தரம் சொன்னேன், சுருக்கிப் போடு என்று! கழித்துப் போட்ட லேபிள் அட்டைகளின் பின்பக்கம் சாப்பாட்டு நேரத்தில் நீ எழுதிப் பழகியது, உன் விரலில் இருக்கும் கம்பளிப் பஞ்சு அந்த ஈர மையில் ஒட்டிக்கொள்வது, எல்லாம் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டன.

1979இல் நான் அங்கே வந்து இறங்கியபோது எனக்குக் கிரியோலில் ஒரு சொல் தெரியாது. இவருக்கு அந்தப் பின்னலாடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சும்மா இருக்க வேண்டாமென்று என்னைத் தொழிலாளர் நலப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பெண்கள் வந்து வரிசையாக நின்று ஏதோ முறையிடுவார்கள், நான் பொம்மை மாதிரித் தலையாட்டுவேன். நீதான் ஒரு நாள் உள்ளே வந்து, கோயில் வகுப்பில் கற்ற தமிழில், “அம்மா, இவர்கள் கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்கிறார்கள்” என்றாய். அன்றிலிருந்து உன் கிரியோலுக்கு என் தமிழ் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோமே.

காலையில் வேன் ஒவ்வொரு கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வரும். அது தெரிவதற்கு முன் பாட்டுச் சத்தம் வந்துவிடும். எல்லாருக்கும் முதல் வேலை, எல்லாருக்கும் இருபது, இருபத்தைந்து வயது. புயல் எச்சரிக்கை வந்து வேன் ஓடாமல் நாம் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்ட அந்தப் பகல் நினைவிருக்கிறதா? நாற்பது பேருக்குக் கேன்டீனில் சோறு வடித்து டின் மீனைக் கொட்டிக் கிளறி, நீதான் பரிமாறினாய். அதற்குப் பிறகு அத்தனை ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

இவர் தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. இருதயம். அட்டையில் எழுதத் தோன்றவில்லை. கடைசி மாதங்களில் அவர் அதிகம் பேசியது உங்கள் கடலைப் பற்றித்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பொறுமையாக இரு. வருஷக்கணக்கில் ஏறிய உடம்பு ஏழு வாரத்தில் இறங்குமா? டாக்டரே அவசரப்படாதபோது நீ ஏன் படுகிறாய்? அந்த ரியூனியன்காரியை மற. பொறுமைதான் இதில் பாதி மருந்து. வாரா வாரம் தராசில் ஏறாமல் மாதம் ஒருமுறை ஏறு. உன்னிடம் இல்லாத பொறுமையா?

பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வரி குறிப்பிட்டிருக்கிறாய். அப்போது சூழ்நிலை அப்படி இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அதைக் கிளறுவதில் யாருக்கு என்ன லாபம்? நீ எழுதினாயே, எனக்கு அதுவே போதும்.

அன்புடன்,
அம்புஜம்


சென்ட்ர் டி ஃப்ளாக்
9 டிசம்பர் 1997

அக்கா,

மகாதேவன் ஐயா இறந்ததைப் படித்து அழுதேன். அவர் என்னை எப்போதும் ‘காமாட்சியம்மா’ என்றுதான் கூப்பிடுவார். ‘கிரோ’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்காகக் கோயிலில் விளக்கேற்றினேன்.

அடுத்தது கோபம். ‘பொறுமை’ என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன். ‘உன்னிடம் இல்லாத பொறுமையா’ என்று வேறு கேட்கிறீர்கள். என் பொறுமையை உங்களுக்கு எப்படித் தெரியும்? வேலையை விடும்வரை எட்டு மாதம் பின்கூடத்தில் பெட்டி கட்டினேனே, அதிலிருந்தா?

உங்களுக்குச் சூழ்நிலை. எனக்கு நடந்ததை நான் எழுதுகிறேன். முன்கூடத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, முடிந்த ஸ்வெட்டர்களைச் சோதிப்பது என் வேலை. எட்டு வருஷம் செய்தேன். 1987 ஜூனில் நீங்கள் ஒரு காகிதம் கொடுத்தீர்கள். “உன் முழங்காலுக்கு ஓய்வு, இனிமேல் பின்னால் உட்கார்ந்து பெட்டி கட்டும் வேலை” என்றீர்கள். நான் நம்பினேன். மறுநாள் உங்களுக்கு ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய், எங்கள் அச்சார், கொண்டுவந்தேன். அந்தக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. ஐந்து மாதம் கழித்து டைப்பிஸ்ட் அனி சொல்லித்தான் தெரிந்தது, ஐரோப்பாவிலிருந்து துணி வாங்குகிறவர்கள் வந்தால் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் நான் தெரியக் கூடாது என்பதற்காக மாற்றினார்கள் என்று. அனிக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நீங்கள் இந்தியாவுக்குப் போன அன்று எல்லாரும் விமான நிலையம் வந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன்.

சூழ்நிலை என்று எழுதாதீர்கள். யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அதை எழுதுங்கள்.

நவம்பர் கடைசியில் தையல் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி ரியூனியனுக்கு ஒருநாள் போய்வந்தேன். முதல் தடவையாக வளையத்தைக் கொஞ்சம் இறுக்கினார்கள். இப்போது ரொட்டி இறங்குவதில்லை. இறைச்சியை நூறு தரம் மென்றாலும் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் இனிப்பான டின் பால் இறங்குகிறது, ஐஸ்கிரீம் இறங்குகிறது. போன வாரம் துணி அறையில் தனியாக நின்று ஒரு டின் பாலை ஸ்பூனால் குடித்து முடித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. லிச்சிக் காலம் வேறு. மரத்தடியில் எல்லாரும் குலை குலையாகச் சாப்பிடுகிறார்கள். நான் நான்கு பழம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரிக்கிறேன்.

நேற்று நூற்றிருபத்தேழரை. இறங்கவில்லை, அக்கா. ஏறியிருக்கிறது.

காமாட்சி


கோயம்புத்தூர்
22 டிசம்பர் 1997

காமாட்சி,

நான்கு காகிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் எங்கேயோ நான் நல்லவளாகிவிடுகிறேன். இதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். “கண்ணாடிக்குப் பின்னால் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் குண்டுப் பெண்தான். ஒல்லியாக யாரையாவது நிறுத்துங்கள்” என்றார். நான், “அவள்தான் நம் தொழிற்சாலையிலேயே சிறந்த சோதனைக்காரி” என்றேன். “அதனால்தான் வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை” என்றார். நான் அதற்குமேல் பேசவில்லை. அவ்வளவுதான் நான் பேசியது. இரண்டு வாக்கியம்கூட இல்லை.

உத்தரவை அனி டைப் செய்தாள். கையெழுத்துப் போட்டது நான். முழங்கால் என்று சொல்லலாம் என்பதும் என் யோசனைதான். யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லப் பயம். மறுநாள் நீ அச்சாரோடு வந்து, “மெர்சி அக்கா” என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் நீட்டினாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

இவரிடம் அன்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துபோய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதையும் உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன்.

நான் செய்தது துரோகம். மன்னித்துவிடு என்று கேட்கிறேன். நீ உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமலே இருந்தாலும் சரி.

டின் பால் விஷயத்தை டாக்டரிடம் சொல். திட்டமாட்டார். அவருக்குத் தெரிந்தால்தான் வழி சொல்வார். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அம்புஜம்


சென்ட்ர் டி ஃப்ளாக்
5 ஜனவரி 1998

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் போய்விட்டதா என்று தேடிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. அதற்குத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. கிரியோலிலும் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. இன்று நூற்றிருபத்து மூன்று! ஒரு வாரத்தில் நான்கு கிலோ!

எப்படி என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். டிசம்பர் 29 அன்று மறுபடி ரியூனியன் போனேன். டாக்டர், “எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லவில்லை. டின் பாலையும் சொல்லவில்லை. “எல்லாம் சுலபமாக இறங்குகிறது டாக்டர், ரொட்டி, இறைச்சி எல்லாம்” என்றேன். அவர் நம்பினார். நிறைய இறுக்கிவிட்டார். தண்ணீர் குடித்துக் காட்டச் சொன்னார். தொண்டை வலித்தது. சிரித்துக்கொண்டே குடித்துக் காட்டினேன்.

இப்போது கெட்டியாக எதுவும் இறங்குவதில்லை. சூப்பை ஸ்பூனால் குடிக்கிறேன், பாதி திரும்பி வருகிறது. சில சமயம் தண்ணீரும் திரும்புகிறது. புத்தாண்டு விருந்தில் பாத்ரூமுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வயிற்றுக்கு ஆகவில்லை என்று ஐயாசாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் இஞ்சி டீ போட்டுத் தருகிறார், பாவம். அவர் வெளியே போனதும் கொட்டிவிடுகிறேன்.

கொஞ்சம் தலை சுற்றுகிறது. பரவாயில்லை. ஏப்ரலில் லிண்ட்சேக்கு நிச்சயம். அதற்குள் நூற்றுப் பத்து ஆகிவிடுவேன். யாரிடமும் சொல்லாதீர்கள், உங்களை நம்பி எழுதுகிறேன்.

காமாட்சி


கோயம்புத்தூர்
13 ஜனவரி 1998

காமாட்சி,

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. ‘தண்ணீரும் திரும்புகிறது’ என்ற வரியைப் படித்ததும் தெருமுனை ஐஎஸ்டி டெலிபோன் பூத்துக்குப் போனேன். உன் எண் என்னிடம் இல்லை. பழைய டைரியில் உங்கள் கோயிலின் எண் இருந்தது. அங்கே பூஜை செய்யும் குருமூர்த்தி நம் பக்கத்துக்காரர், தமிழ் பேசினார். எதற்கென்று சொல்லாமல் உன் வீட்டு எண்ணை வாங்கினேன்.

லிண்ட்சே எடுத்தாள். ஒன்பது வருஷமாகக் கிரியோல் பேசாத வாய் எனக்கு. “அம்மா எப்படி?” என்று கேட்டதும் அழுதாள். மூன்று நாளாக நீ எழுந்திருக்கவில்லை என்றாள், ஆஸ்பத்திரி என்றால் கத்துகிறாய் என்றாள். எனக்குச் சொற்கள் வரவில்லை. கல் இல்லை என்று எப்படிச் சொல்வது? “லெஸ்தோமா, லெஸ்தோமா” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு கத்தினேன், அவளுக்கு என் கை தெரியுமா? பிறகு பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாக எல்லாவற்றையும் சொல்லி, ரேமோனின் பெயரையும் சொல்லி, அப்பாவைக் கூப்பிடு, இப்போதே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போ என்றேன். பூத்துக்கு வெளியே ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்றும் அப்படி இருக்க முடியவில்லை. மறுபடி ஒன்பது வருஷம் பேசாமல் இருக்க வேண்டுமானால் இரு. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

அம்புஜம்


சென்ட்ர் டி ஃப்ளாக்
28 ஜனவரி 1998

அக்கா,

உயிரோடு இருக்கிறேன்.

நீங்கள் போன் செய்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். லிண்ட்சே ‘லெஸ்தோமா’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. அந்த நிமிஷம் உங்களைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. அவள் அப்பா வேலை பார்க்கும் பஸ் நிலையத்துக்குப் போன் செய்தாள். ஐயாசாமி அடுத்த டிரிப்பை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். யூனிபார்மோடு என் முன்னால் நின்று, “கி தோன் ஃபேர்?” என்றார். என்ன செய்துகொண்டாய் என்று. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கிளினிக்கில் இருந்த டாக்டர் இந்த வளையத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ரேமோன் மூலமாக ரியூனியன் டாக்டரைப் பிடித்தார்கள். இங்குள்ள டாக்டர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல விரலால் என் வயிற்றைத் தடவி அந்தப் பொத்தானைத் தேடினார். இரண்டு தடவை ஊசி தவறியது. மூன்றாவது தடவை கிடைத்தது. உள்ளே இருந்த நீரை முழுவதும் இழுத்தார். ஒரு சின்ன ஊசிக்குழாய் அளவு, அவ்வளவுதான். அது போனதும் என் நெஞ்சில் ஏதோ திறந்துகொண்டது.

நர்ஸ் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள். ஐயாசாமி வாங்கி என் வாயில் வைத்தார். “தூஸ்மா, தூஸ்மா” என்றார். மெல்ல, மெல்ல. முதல் மடக்கு இறங்கியது. அது இறங்கியதை என் முகத்தில் பார்த்துவிட்டு அவர் அழுதார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் சலைன் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐயாசாமி கேட்டார்: “மெலிய வேண்டும் என்று நான் எப்போதாவது சொன்னேனா?” நான் சொன்னேன்: “நீ சொல்லவில்லை. பஸ் சீட் சொன்னது. தெய்வானை சொன்னாள். கண்ணாடிச் சுவர் சொன்னது.” பின்கூடத்துக் கதையை அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவருக்கும் தெரியாது. நான் அவரிடமும் முழங்கால் என்றுதான் சொல்லியிருந்தேன். நீங்கள் எனக்குச் சொன்ன பொய்யையே நான் வீட்டில் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அக்கா. எழுதும்போதுதான் தெரிகிறது.

உங்கள் டிசம்பர் கடிதத்துக்குப் பதில் இது. நீங்கள் அன்று எனக்குக் கெடுதல் செய்தீர்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது போன் செய்தீர்கள். இரண்டையும் கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

வளையம் இப்போது காலி. ஆறு வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து, துளித் துளியாக. போனில் எல்லா உண்மையையும் டாக்டரிடம் சொன்னேன், டின் பால் உட்பட. அவர் சிரித்தார். “மதாம், உங்களுக்கு முன் முப்பது பேர் என்னிடம் டின் பால் கதை சொல்லியிருக்கிறார்கள்” என்றார்.

திங்கட்கிழமை எடை நூற்றிருபத்தாறு.

காமாட்சி


கோயம்புத்தூர்
2 ஜூன் 1998

காமாட்சி,

லிண்ட்சேயின் நிச்சயதார்த்தப் படம் கிடைத்தது. நீ நடுவில், நீலப் புடவையில், யாருக்குப் பின்னாலும் ஒளியாமல் நிற்கிறாய். எத்தனை கிலோ என்று நீயும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பீரோவில் தேடி ஒரு பழைய படத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்தேன். 1981, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நாம் எல்லாரும் பெல் மார் போனது. அப்போது அங்கே ஹோட்டல் அதிகம் கிடையாது, சவுக்கு மரமும் மணலும்தான். எல்லாரும் புடவையோடும் பாவாடையோடும் சிரித்துக்கொண்டு கடலில் நிற்கிறோம். நீ மட்டும் மரத்தடியில், மடியில் எல்லாருடைய செருப்பும் கைப்பையும். “நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்” என்று நீ சொன்னபோது நல்ல பெண் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை நீயும் வா என்று சொல்லவில்லை. அதை இப்போதுதான் பார்க்கிறேன். நமக்கு எல்லாமே அழகாக இருந்த காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழகாக இருந்தது.

ஆனாலும் அந்தச் சிரிப்புச் சத்தம் பொய்யில்லை, காமாட்சி. இல்லையா?

அம்புஜம்


சென்ட்ர் டி ஃப்ளாக்
15 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

பொய்யில்லை. நான் மரத்தடியில் இருந்தபடியே உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

ஐந்து மாதம் எழுதவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. எழுத அவசரம் இல்லை, அவ்வளவுதான். எடை நூற்றுப் பத்து. பதினான்கு மாதத்தில் இருபத்தொரு கிலோ. ரியூனியன்காரிக்கு முப்பத்தைந்து போய், இப்போது எட்டு திரும்பி வந்துவிட்டதாம். அவளோடு போனில் பேசினேன். அழுதாள். டின் பாலைப் பற்றிக் கேட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். நான் என் கதையைச் சொன்னேன்.

எனக்குச் சில மாதம் ஒரு கிலோ, சில மாதம் இரண்டு. ஆகஸ்டில் ஒன்றுமே இல்லை. ஆகஸ்டில் பழைய பைத்தியம் வந்தது, இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லலாமா என்று. ஐயாசாமியிடம் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, “வா, நடக்கலாம்” என்றார். சந்தை வரை போய் வந்தோம். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இப்போது உட்காராமல் போகிறேன்.

தெய்வானையிடம் நானே சொன்னேன். வளையம், பொய், கிளினிக், எல்லாம். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “எனக்கும் போடுவார்களா?”

நம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மெஷின்கள் மடகாஸ்கருக்குப் போகின்றன, அங்கே கூலி குறைவாம். கடைசி நாள் பழைய பெண்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார்கள். போனோம். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. மெஷின் இருந்த இடங்களில் தரையில் நான்கு நான்கு ஆணித் துளைகள். அனி வந்திருந்தாள், உங்களை விசாரித்தாள். யாரோ வேன் பாட்டைத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் முதல் இரண்டு வரிதான் நினைவிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் பாடினோம்.

நான் பின்கூடத்துக்குப் போனேன். இருட்டாக, அட்டைப்பெட்டி வாசனையோடு அப்படியே இருந்தது. அங்கே அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிறகு முன்கூடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. நல்ல இடம், அக்கா. எட்டு வருஷம் நல்ல இடத்தில் நின்றிருக்கிறேன். அதை நான் மறந்தே போயிருந்தேன். எட்டு மாதம்தான் ஞாபகம் இருந்தது.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் ஐயாசாமிக்கும் லிண்ட்சேக்கும் கிரியோலில் படித்துக் காட்டப் போகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு காரியம் கேட்கிறேன். அடுத்த வருஷம் ஜூலையில் இங்கே வாருங்கள். லிண்ட்சேயின் கல்யாணத்துக்கு இல்லை, அது அந்த வருஷம் டிசம்பரில்தான். ஜூலை இங்கே குளிர்காலம், ஒன்றுமே கிடையாது, குளிர்காற்று மட்டும்தான். அதனால்தான் கூப்பிடுகிறேன். எனக்கு இப்போது பருப்பு வைத்த தால்பூரி ரொட்டியில் பாதி சாப்பிட நாற்பது நிமிஷம் ஆகிறது. ஒரு விள்ளல் மென்று, கையைக் கீழே வைத்து, காத்திருந்து, அடுத்தது. இந்த வீட்டில் எல்லாரும் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஆனால் பேச்சு தீர்ந்துவிடுகிறது. மீதி முப்பது நிமிஷம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

நாற்பது நிமிஷம் பேச என்னிடம் வேறு ஆள் இல்லை. வாருங்கள்.

உங்கள்
காமாட்சி